ஜெபசீலனுக்காக நான் சொன்ன பதில்

நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் ஜெபசீலன் பதில் சொல்லியிருப்பானா? இந்தக் கேள்விக்கு இன்றுவரை எனக்கு விடை தெரியாது. தெரிந்த ஒரே ஆள் அவன்தான். அவன் சொல்லவில்லை.

கழக்கூட்டத்து மென்பொருள் நிறுவனங்களில் மொழி வகுப்பு எடுக்கப் புதிதாகச் சேர்ந்திருக்கும் தமிழ்ப் பிள்ளைகளாகிய உங்களுக்கு ஏதாவது எழுதித் தரும்படி என்னிடம் கேட்டார்கள். உங்களுக்கு முன்னால் அந்த வேலையில் இருந்தவள் என்பதைத் தவிர எனக்கு வேறு தகுதி இல்லை. ஓய்வு பெற்றவள் என்று சொல்லிக்கொள்ளும் வயதும் ஆகவில்லை. இரண்டாவது குழந்தை பிறந்ததும் வேலையை விட்டேன், அவ்வளவுதான். பெருமையாகச் சொல்லிக்கொள்ள சில சம்பவங்கள் உண்டு. அவற்றில் ஒன்றை எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். எழுதி, கிழித்துப் போட்டுவிட்டு இதை எழுதுகிறேன். இது சரிதானா என்று இப்போதும் சந்தேகமாகத்தான் இருக்கிறது.

நான் ஆரியசாலையில் வற்றல் மிளகாயும் மல்லியும் மொத்த வியாபாரம் செய்யும் குடும்பத்தின் மருமகள். ஆங்கிலத்தில் எம்.ஏ. முடித்துவிட்டு மாலை வகுப்பில் ஸ்பானிஷ் டிப்ளமோ படித்தேன். ஸ்பானிஷ் மீது ஆசை என்றெல்லாம் இல்லை. பிரெஞ்சு வகுப்பில் இடம் நிறைந்துவிட்டது. நான் கேட்கப் போனபோது ஸ்பானிஷ் வகுப்பில் மட்டும் நாற்காலிகள் காலியாக இருந்தன. பிற்பாடு, ஸ்பெயினில் இருக்கும் ஒரு கம்பெனி தன் வாடிக்கையாளர்களின் தொலைபேசி அழைப்புகளை இங்கிருந்து கவனிக்க ஆள் தேடுகிறது என்றதும், ஊரில் ஸ்பானிஷ் தெரிந்தவர் யார் என்று விசாரித்து என்னைப் பிடித்தார்கள். அதுவரை நான் ஒரு ஸ்பெயின்காரரிடமும் நேரில் பேசியதில்லை. அதை யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

என் வகுப்பில் இருந்தவர்கள் எல்லோரும் ‘பெஞ்சில்’ இருந்தவர்கள். கையில் வேலை இல்லாமல், அடுத்த புராஜெக்ட் வரும்வரை சும்மா காத்திருப்பவர்களை அங்கே அப்படித்தான் சொல்வார்கள். ஸ்பானிஷ் வந்தால் வேலை நிலைக்கும். வராவிட்டால் மறுபடியும் பெஞ்ச். அதற்குப் பிறகு வீடு.

நான் முதலில் சொல்லிக்கொடுத்தது ‘பேசு’ என்ற வினையை. நிகழ்காலத்தில் அது இப்படி மாறும்: ஆப்லோ, பேசுகிறேன். ஆப்லாஸ், பேசுகிறாய். ஆப்லா, பேசுகிறான் அல்லது பேசுகிறாள். ஆப்லாமோஸ், பேசுகிறோம். ஆப்லாய்ஸ், பேசுகிறீர்கள். ஆப்லான், பேசுகிறார்கள். இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் அதே சாதியைச் சேர்ந்த நூற்றுக்கணக்கான வினைகள் கைக்கு வந்துவிடும். ஆனால் வகுப்பில் அநேகமாக எல்லோரும் மலையாளிகள். அனூப் என்று வாய் ஓயாத ஒரு பையன் எழுந்தான்.

"டீச்சரே, ஞானும் சம்சாரிக்குந்நு, நீயும் சம்சாரிக்குந்நு, அவனும் சம்சாரிக்குந்நு. ஒரே வாக்கு மதி. ஈ ஸ்பானிஷ்காருக்கு எந்தினா இத்ர வால்?"

மலையாளத்தில் யார் பேசினாலும் வினை மாறுவதில்லை. ஸ்பானிஷ்காரர்களுக்கு மட்டும் எதற்கு இத்தனை வால் என்று கேட்கிறான். கொஞ்ச நேரம் கழித்துப் பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது.

"எங்களுக்கும் வாலு உண்டு."

வகுப்பே திரும்பிப் பார்த்தது. "அண்ணாச்சிக்கு வாலுண்டே! காணட்டே, காணட்டே!" என்று அனூப் நாற்காலிக்குப் பின்னால் எட்டிப் பார்த்தான். எல்லோரும் சிரித்தார்கள். அந்த ஆள் சிரிப்பு அடங்கும்வரை இருந்துவிட்டு, மேசையைப் பார்த்தபடி நிதானமாகச் சொன்னான்: "பேசுகேன், பேசுகே, பேசுகான், பேசுகோம், பேசுகிய, பேசுகாவ." பிறகு என்னைப் பார்த்து, "நான், நீன்னு தனியா சொல்லாண்டாம், அப்படித்தானே மேடம்? வால்லயே ஆளு இருக்கு" என்றான்.

அதுதான் ஜெபசீலன். குழித்துறைப் பக்கம் வீடு. தினமும் காலையில் பாசஞ்சர் ரயிலில் வந்து போகிறவன். வகுப்பில் தமிழ் பேசுகிற ஒரே ஆள் என்பதால் எல்லோருக்கும் அவன் அண்ணாச்சி. கேலியும் உண்டு, பிரியமும் உண்டு. நானும் தமிழ்க்காரிதான் என்பது அவனுக்குத் தெரிந்த பிறகு, வகுப்பில் மேடம், மாலையில் தம்பானூர் ரயிலடிக்குப் போகும் கம்பெனி பஸ்ஸில் "எக்கா" என்று ஆனது.

அவனிடம் ஒரு வழக்கம் இருந்தது. எதைக் கேட்டாலும் உடனே சொல்ல மாட்டான். பெயரைக் கேட்டால்கூட மேசையை ஒரு தரம் பார்த்துவிட்டுத்தான் சொல்வான். அதற்குள் மற்றவர்கள் கத்திவிடுவார்கள். "சும்மா இருங்க, ஜெபசீலன் சொல்லட்டும்" என்று நான்தான் அவர்களை அடக்குவேன். காத்திருந்தால் எப்போதும் சரியாகச் சொல்வான். ‘எப்போதும்’ என்று எழுதிவிட்டு யோசிக்கிறேன். பெரும்பாலும் என்பதுதான் உண்மை. காத்திருந்து காத்திருந்து, கடைசியில் "வரல்ல மேடம்" என்று அவன் சொன்ன நாளும் உண்டு.

ஒருநாள் பஸ்ஸில் அவனே சொன்னான். "இதும் போச்சுன்னா கம்பெனி ஐ.டி. கார்டத் திருப்பிக் கேப்பாவ எக்கா. மேனேஜர் ஷாஜி சார் நேரடியாவே சொல்லிட்டாரு. எனக்கு இதான் கடைசி."

"உனக்கென்ன? கிளாஸ்ல நீதானே முதல்ல பிடிச்சே."

"கிளாஸ்ல செரி. புது ஆளு முன்ன வந்து நிந்நா நாக்கு ஒட்டிப் போவும். கொஞ்சம் பொறுத்தா வரும்."

கொஞ்சம் பொறுத்தா வரும். என்னிடமே சொன்னான், என் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்துகொண்டு. இதற்கு மேல் ஒரு ஆசிரியைக்கு என்ன குறிப்பு வேண்டும்?

இங்கே என் வீட்டு விஷயம் கொஞ்சம் சொல்ல வேண்டும். சொல்லாமல் விட்டால் அடுத்து நடந்தது உங்களுக்குப் புரியாது. சொன்னால் சாக்குச் சொல்வதுபோல் ஆகிவிடுமோ என்றும் இருக்கிறது.

என் மகள் மீனுவுக்கு அப்போது மூன்று வயது தாண்டியிருந்தது. சரியாகப் பேச்சு வரவில்லை. வீட்டில் தமிழ், பகலில் விட்டுச் செல்லும் கிரெஷில் மலையாளம், அவளை இடுப்பில் வைத்துக்கொண்டு நான் மறுநாள் வகுப்புக்குத் தயார் செய்வது ஸ்பானிஷ். பிள்ளையை நான்தான் குழப்புகிறேன் என்று குடும்பத்தில் எல்லோரும் முடிவு கட்டியிருந்தார்கள். என் நாத்தனார் சமையலறையில் எனக்குக் கேட்கும்படியே சொல்வாள்: "ஊருக்கெல்லாம் பேசப் படிப்பிக்கா. சொந்தப் பிள்ள வாயத் தொறக்கல்ல. நல்ல டீச்சர்!" என் கணவர் கடைக் கணக்கைப் பார்த்தபடி, "எங்க வீட்ல எல்லாரும் பேசறதுக்கு ஒருத்தி பேசாம இருந்தா நல்லதுதான்" என்பார். அது எனக்கு ஆறுதல் என்று நினைத்துச் சொல்வதுதான்.

நான் என்ன செய்வேன் என்றால், யாராவது மீனுவிடம் ஏதாவது கேட்டால் முந்திக்கொண்டு நானே சொல்லிவிடுவேன். கோவிலில், கல்யாண வீட்டில், பக்கத்துக் கடையில், எங்கே யார் கேட்டாலும். "பேர் மீனாட்சி. மூணு வயசு. வீட்ல நல்லாப் பேசுவா." நம் அம்மாக்கள் எல்லோருக்கும் இந்த வாக்கியம் மனப்பாடம். பிள்ளைக்குத் தெரியாது என்று மற்றவர்கள் நினைத்துவிடக் கூடாது என்ற பதற்றம் அது.

எங்கள் வகுப்பில் ஆள் தேர்ந்தெடுக்க ஸ்பெயினிலிருந்து ஒருவர் வந்த அதே வாரத்தில்தான் மீனுவை ஒரு பள்ளிக்கூடத்தில் எல்.கே.ஜி. நேர்முகத்துக்குக் கூட்டிப் போயிருந்தேன். "மோளுடெ பேரெந்தா?" என்று அந்த மிஸ் அவளிடம் கனிவாகத்தான் கேட்டார். மீனு என் சேலை மடிப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். என்னால் தாங்க முடியவில்லை. பெயரையும் வயதையும் சொல்லி, "வீட்டில் நந்நாயிட்டு சம்சாரிக்கும் மிஸ்" என்று மலையாளத்தில் முடித்தேன்.

"அம்மயோடல்ல சோதிச்சது" என்றார் அவர். அம்மாவிடம் கேட்கவில்லை. சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அடுத்த வருடம் பார்க்கலாம் என்றும் சொன்னார். திரும்பி வரும் வழியில் ஆட்டோ தம்பானூர் நெரிசலில் நின்றபோது, என் மடியில் இருந்தவள் தெளிவாக "மீனாச்சி" என்றாள். யாரும் கேட்காத இடத்தில்.

ஸ்பெயினிலிருந்து ஆள் வகுப்புக்கு வந்தபோது, அந்தப் பாடத்தை எனக்கு ஒருவர் வாய்விட்டுச் சொல்லிக்கொடுத்து முழுதாக ஒரு வாரம்கூட ஆகியிருக்கவில்லை.

ஸ்பெயின் கம்பெனியிலிருந்து வந்தவர் பெயர் பிலார். நரைத்த முடியை ஒட்ட வெட்டியிருந்த, அதிகம் பேசாத அம்மா. பரீட்சை எதுவும் வைக்கப் போவதில்லை, வகுப்பில் உட்கார்ந்து ஒவ்வொருவரிடமும் இரண்டு வார்த்தை பேசுவார், யாரைச் சேர்த்துக்கொள்வது என்று அவரே முடிவு செய்வார் என்று சொல்லியிருந்தார்கள். அவர் உள்ளே வருவதற்கு முன்னால் எங்கள் மேனேஜர் ஷாஜி சார் என் மேசைக்கு வந்தார். "டீச்சர் பேடிக்கண்டா. பிள்ளேர் நல்லா சம்சாரிச்சா மதி" என்று, பயப்பட வேண்டாம், பிள்ளைகள் நன்றாகப் பேசினால் போதும் எனத் தைரியம் சொல்லிவிட்டுப் போய்ப் பின்சுவரில் சாய்ந்து நின்றார். பயந்துபோயிருந்தது அவர்தான். கைக்குட்டை நனைந்திருந்தது.

முதலில் வகுப்பு முழுவதும் சேர்ந்து ஆப்லோ, ஆப்லாஸ் என்று வாய்ப்பாடு மாதிரி ஒப்பித்தது. பிலார் மரியாதைக்குத் தலையாட்டினார். பிறகு எழுந்து வந்து ஒவ்வொருவர் முன்னாலும் நின்று ஒரே கேள்வியைக் கேட்டார். "கே இதியோமாஸ் ஆப்லாஸ்?" நீ என்னென்ன மொழி பேசுகிறாய்?

அனூப் ஒரு மூச்சில் சொன்னான், "ஆப்லோ மலையாளம், ஆப்லோ இங்லேஸ், ஆப்லோ இந்தி." கூடவே, "ஆப்லோ மூச்சோ!" என்றான். நிறையப் பேசுகிறேன். பிலார் வாய்விட்டுச் சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்போடு அடுத்த இருக்கைக்கு நகர்ந்தார். ஜெபசீலன்.

அதே கேள்வி.

அவன் மேசையைப் பார்த்தான். எனக்குப் பழக்கமான பார்வைதான். ஏ.சி.யின் சத்தம் மட்டும் கேட்டது. யாரோ ஒருத்தி கால்களை நகர்த்தினாள். அனூப்பின் சிரிப்பு முகத்தில் இருந்தபடியே உறைந்திருந்தது. பிலார் தலையை லேசாகச் சாய்த்துக்கொண்டு நின்றார். பின்னால் ஷாஜி சார் என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார், ஏதாவது செய்யுங்கள் என்பதுபோல. எவ்வளவு நேரம் என்று கேட்டால் எனக்குத் தெரியாது. மற்றவர்களுக்கு அது சில நொடிகளாக இருந்திருக்கலாம். என் வாய் தானாகத் திறந்தது.

"ஆப்லா தமில், ஆப்லா மலையாளம், ஆப்லா இங்லேஸ்" என்றேன். "ஆப்லா முய் பியென்."

அவன் தமிழ் பேசுகிறான், மலையாளம் பேசுகிறான், ஆங்கிலம் பேசுகிறான், நன்றாகப் பேசுகிறான். என் வாழ்நாளில் அவ்வளவு சரளமாக நான் ஸ்பானிஷ் பேசியதில்லை. வீட்டில் நல்லாப் பேசுவா என்பதன் ஸ்பானிஷ் அது. சொல்லி முடித்த பிறகுதான் எனக்கே அது உறைத்தது.

பிலார் என்னைப் பார்த்தார். அவனைப் பார்த்தார். எனக்கு நன்றி சொல்லிவிட்டு அடுத்தவரிடம் போய்விட்டார். ஜெபசீலனின் வாய் பாதி திறந்திருந்தது. பதிலைத் தொடங்குவதற்காகத் திறந்ததா, நான் பேசியதைக் கேட்ட திகைப்பில் திறந்ததா? அந்த வாயை நான் மனத்தில் எத்தனையோ தரம் திரும்பப் பார்த்துவிட்டேன். ஒருநாள் ஒரு மாதிரித் தெரிகிறது, மறுநாள் வேறு மாதிரி.

வகுப்பு முடிந்ததும் ஷாஜி சார் என்னிடம் வந்து, "டீச்சர் கலக்கி! ஆ சீன் டீச்சர் ரக்ஷிச்சு" என்றார். காப்பாற்றிவிட்டேனாம். சாப்பாட்டு நேரத்துக்கு முன்பே தேர்வானவர்களின் பெயர்களைச் சொன்னார்கள். ஜெபசீலன் இல்லை. நான் ஷாஜி சாரிடம் போய், அவனுக்குத் தெரியும், நான்தான் அவசரப்பட்டேன் என்றேன். அவர் கெட்ட மனிதர் இல்லை. பொறுமையாகத்தான் கேட்டார். "மிண்டாத்த ஆளெப் பிடிச்சு போண் எடுக்கான் இருத்தானோ டீச்சரே?" வாய் திறக்காத ஆளைத் தொலைபேசி எடுக்க உட்கார வைக்க முடியுமா? அந்தக் கேள்வியிலும் நியாயம் இருந்தது. அதுதான் என்னை இன்னும் குழப்புகிறது.

கேன்டீனில் பிலார் தனியாக உட்கார்ந்து அப்பளத்தைக் கரண்டியால் உடைக்கப் பார்த்துக்கொண்டிருந்தார். எதிரில் போய் நின்றேன். அந்தப் பையனுக்குத் தெரியும், கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்வான், இன்னொரு தரம் கேளுங்கள் என்று கெஞ்சினேன். இந்த முறை என் ஸ்பானிஷ் தடுமாறியது.

"நான் காத்துக்கொண்டுதான் இருந்தேன்" என்றார் அவர். "நீங்கள் பேசினீர்கள். எனக்கு அவரைப் பற்றி எதுவும் தெரியாமல் போய்விட்டது." பிறகு, கோபமில்லாமல், "வரச் சொல்லுங்கள். கேட்கிறேன்" என்றார்.

ஓடினேன். ஜெபசீலன் வெளியே டீக்கடைப் பக்கம், பஸ் நிற்கும் இடத்தில் நின்றுகொண்டிருந்தான். கையில் டீ கிளாஸ்.

"ஜெபசீலா, உள்ள வா. அவங்க மறுபடியும் கேக்காங்களாம்."

"என்னத்த?"

"அதே கேள்விதான்."

அவன் கிளாஸைப் பார்த்தான். "அதுக்குத்தான் நீங்க பதில் சொல்லியாச்சுல்லா எக்கா."

"அத விடு. நீ வந்து உன் வாயால சொன்னாப் போதும்."

"இப்ப நான் சொன்னா, நீங்க வெளியில வச்சு சொல்லித் தந்ததச் சொல்லுகேன்னு நினைப்பாவ." டீயை ஒரு வாய் குடித்தான். "அவங்க இடத்துல நானா இருந்தாலும் அப்பிடித்தான் நினைப்பேன்."

அவன் சொல்லவேண்டிய பதிலை நான் எடுத்துக்கொண்டேன். இனி அதை அவன் வாயில் திருப்பி வைத்தாலும் அது அவனுடையதாக இருக்காது. நின்ற இடத்திலேயே கேட்டுவிட்டேன்: "அப்போ உனக்குப் பதில் வந்திருந்துதா? உண்மையச் சொல்லு."

அவன் உடனே சொல்லவில்லை. இந்த முறை நான் காத்திருந்தேன். பஸ் ஒன்று வந்து, ஆட்களை இறக்கிவிட்டுப் போனது. கடைக்காரர் பாக்கிச் சில்லறையைக் கொடுத்தார். அப்போதும் காத்திருந்தேன்.

"நீங்க போய் சாப்பிடுங்க எக்கா. நேரமாச்சு" என்றான். சிரித்த முகத்தோடுதான் சொன்னான்.

நான் கேன்டீனுக்குத் திரும்பிப் போய், அவனுக்கு விருப்பமில்லை என்று பிலாரிடம் சொன்னேன். யோசித்துப் பாருங்கள், அதையும் அவனுக்காக நான்தான் சொன்னேன். அதே கேள்வியைக் கேட்க வேண்டாம், வேறு ஏதாவது கேளுங்கள், ஊரைப் பற்றியோ ரயிலைப் பற்றியோ கேளுங்கள் என்று சொல்லியிருந்தால் அவன் வந்திருக்கக்கூடும். நான் சொல்லித்தந்தேன் என்ற பேச்சே எழுந்திருக்காது. இந்த எளிய வழி அன்று சாயங்காலம் பஸ் தம்பானூரில் நின்று நான் இறங்கும்போதுதான் எனக்குத் தோன்றியது. பக்கத்து இருக்கை காலியாக இருந்தது. அதற்குள் பிலார் விமான நிலையம் போய்விட்டிருந்தார்.

ஜெபசீலன் சீக்கிரமே கார்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனான். போகும்போது என் இடத்துக்கு வந்து "வாறேன் எக்கா" என்றான். வகுப்புக்கு நன்றி என்றும் சொன்னான். அதைச் சொல்லாமல் போயிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

இதிலிருந்து நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டியது என்ன என்று கேட்டால், உங்கள் மாணவனுக்குத் தெரியும் என்று நிரூபிக்கும் அவசரத்தில் அவன் இடத்தில் நீங்கள் போய் நிற்காதீர்கள் என்பதுதான். எழுதும்போது சுலபமாக இருக்கிறது. ஆனால் பேசுவதா பேசாமல் இருப்பதா என்பதோடு விஷயம் முடிந்துவிடுவதில்லை. அதற்குப் பிந்தைய வகுப்புகளில் நான் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றிருக்கிறேன். ஒரு மாணவி நேரடியாகவே கேட்டுவிட்டாள்: "மேம், ஞான் தப்பா பறஞ்ஞது? எந்தினா அங்ஙனெ நோக்குந்நது?" தப்பாகச் சொன்னேனா, ஏன் அப்படிப் பார்க்கிறீர்கள் என்கிறாள். அவள் தப்பாக எதுவும் சொல்லியிருக்கவில்லை. இன்னும் தொடங்கவே இல்லை. என் பார்வையைப் பார்த்துப் பயந்துவிட்டாள்.

மீனு இப்போது பேசுகிறாள், நிறையவே பேசுகிறாள். ஆனால் வெளியாட்கள் ஏதாவது கேட்டால் கேட்டவரைப் பார்ப்பதில்லை, என் முகத்தைப் பார்க்கிறாள். நான் ஒரு வார்த்தையும் பேசுவதில்லை. சத்தியமாகப் பேசுவதில்லை. "நீ பேச வேண்டாம், உன் மூஞ்சியே பேசுது" என்கிறார் என் கணவர். அடுத்த வாரம் அவளை வேறொரு பள்ளியில் சேர்க்க நேர்முகத்துக்குக் கூட்டிப் போக வேண்டும். பெற்றோர் பிள்ளையின் பக்கத்திலேயே உட்கார வேண்டுமாம்.

உங்களில் பலர் என்னைவிட வயதில் சிறியவர்கள், என்னைவிட நிதானமானவர்களாக இருக்கலாம். தினமும் வகுப்பில் ஒருவர் பதிலைத் தேடிக்கொண்டு நிற்பதை நீங்களும் பார்ப்பீர்கள். அந்த நேரத்தில் உங்கள் முகத்தை என்ன செய்கிறீர்கள்? ஜன்னலைப் பார்க்கிறீர்களா, புத்தகத்தைப் பார்க்கிறீர்களா, அவரையே பார்த்தும் அவரைப் பயமுறுத்தாமல் இருக்க உங்களால் முடிகிறதா? தெரிந்தவர்கள் தயவுசெய்து எனக்கு எழுதுங்கள். முடிந்தால் அடுத்த வாரத்துக்குள்.